வெள்ளிக்கிழமை போயிருக்க வேண்டிய மலை

மலை பாதி வாசலைத் தாண்டியிருந்தது. அடிவாரத்துப் புளியமரங்கள் மாடிப்படிச் சுவரில் உரசாமல் இருக்க நான் கிளைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையில் குங்குமச் சிமிழுடன் நின்றிருந்த என் மனைவி பூங்கோதை, "அதுக்குள்ள கிளம்பணுமா? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்றாள்.

மலை நின்றது. பிறகு வந்த வழியே பின்வாங்கி, கூடத்தில் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பூங்கோதையைக் குறை சொல்ல முடியாது. விருந்தாளி கிளம்பும்போது இதைச் சொல்லாமல் கதவைச் சாத்தும் வீடு எங்கள் குடியிருப்பில் கிடையாது. கேட்பவர்களும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள். கீழ்வீட்டு ரங்கபாஷ்யத்திடம் வந்துபோகும் கோட்டைக்குக்கூட இது தெரியும். அவர் இந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அது தெருமுனையில் இருக்கும். எங்கள் மலை இன்னொருவர் வீட்டில் தங்கியது இதுதான் முதல் தடவை, அதற்கு இது தெரியவில்லை.

நகரத்தைச் சுற்றியிருக்கும் இடங்களுக்குச் சனி ஞாயிறுதான் வேலைநாள். நாம் ஓய்வெடுக்கப் போகும்போது அவை உழைக்கின்றன. அதனால் திங்கட்கிழமை நகரத்துக்கு வந்து, யார் வீட்டிலாவது தங்கி, வெள்ளிக்கிழமை மாலை திரும்பிவிடும். கோட்டைகளுக்குத் தரைத்தளம் ஒத்துக்கொள்ளும். அருவியை யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. மலைகள் இரண்டாம் மாடிக்கு மேல் இருந்தால் நன்றாகத் தூங்கும். எங்களுக்கு வாய்த்தது செங்கல்பட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் கொக்குமலை. உச்சியில் ஒரு முருகன் கோயில், பாதிவழியில் ஒரு சுனை. கூடத்தில் நின்று பார்த்தால் உச்சி மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே இருக்கும். ஏறினால் முக்கால் மணி நேரம் ஆகும். சோபாவை பால்கனிக்கு மாற்றினோம். மின்விசிறியை நிறுத்திவைத்தோம். சுனை வறண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்ததை அப்படி விடக்கூடாது என்று பூங்கோதை தினமும் காலையில் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டுபோய் ஊற்றினாள்.

மலை இன்னும் இரண்டு நாள் இருந்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை மேகலாவை அந்த மலையில் வைத்துத்தான் பெண் பார்ப்பதாக இருந்தார்கள்.

மேகலா ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வருபவர்களின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிவில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்கும் வேலை. முப்பத்தாறு வயது. இதுவரை வந்த வரன்களைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொன்னதில்லை. வந்தார்கள், போனார்கள். இந்த வரன் அம்பத்தூரில் பம்பு செய்யும் கம்பெனியில் வரைபடம் போடும் சிவகுருநாதன். போன வாரம் அவர் போனில் என்ன சொன்னாரோ, மேகலா சிரித்தது கீழ்வீடு வரை கேட்டதாம். ரங்கபாஷ்யம் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். அன்று இரவு மேகலா நான் சாப்பிடும்வரை பக்கத்தில் நின்றிருந்து, "அண்ணா, இது நடக்கணும்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோயிலில் பார்ப்பது இரு பக்கத்துக்கும் சௌகரியம். தரிசனத்துக்கு வந்ததுபோல் வரலாம். தற்செயலாகப் பார்த்ததுபோல் பேசலாம். பிடிக்கவில்லை என்றால் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அவரவர் காரில் ஏறிவிடலாம். பெண் வீட்டுக்குள் கால் வைத்தால் அது நடக்காது. காப்பி கொடுப்பார்கள். குடித்தால் கை நனைத்ததாக ஆகிவிடும், அப்புறம் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சிவகுருநாதனின் தாயார் தையல்நாயகி அம்மாள் முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தார். மலையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டாம். வருகிறவளாவது ஏறி இறங்குகிறவளா என்று பார்க்க வேண்டாமா என்றார்.

சனிக்கிழமை காலை பூங்கோதை கூடத்தில் நின்று, நாளைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். நான், ஊரில் தேட மாட்டார்களா என்று மலையிடம் பொதுவாக விசாரித்தேன். சற்று நேரம் கழித்து அது ஒரு கூழாங்கல்லை என் கால்மாட்டுக்கு உருட்டிவிட்டது. உபசாரத்துக்கு நன்றி என்று எடுத்துக்கொண்டோம். அதற்குமேல் விருந்தாளியிடம் என்ன சொல்ல முடியும்.

மத்தியானம் சம்பூரணம் வந்தாள். மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவள். ஸ்டவ்வையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் வந்திருந்தாள். மலை எங்கேயோ கடையும் அங்கேதான் என்று சொல்லி, எங்கள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். காலையில் வேன்களில் வந்தவர்கள் மலை இருந்த இடத்தில் வெறும் கட்டாந்தரையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லையாம். முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்களாம். இரண்டு கையையும் விரித்து போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். ஒருவர் மட்டும் இறங்குகிற வழி எது என்று கேட்டாராம்.

பெண் பார்ப்பதைத் தள்ளிப்போடலாமா என்று யோசித்தோம். தள்ளிப்போட்டால் பெண்ணிடம் ஏதோ குறை என்று நினைப்பார்கள் என்றாள் பூங்கோதை. மேகலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். மறுபடி கழற்றித் துடைத்தாள். நான் தையல்நாயகி அம்மாளுக்கு போன் செய்து, மலை எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். விளக்கேற்றும் நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"நாங்க மலைக்கு வர்றோம் தம்பி. உங்க வீட்டுக்கு வரல. அத மனசுல வச்சுக்குங்க" என்றார்.

வேறு சில விஷயங்களையும் சொன்னார். கதவு திறந்திருக்க வேண்டும். வாசலில் நின்று யாரும் வாங்க என்று கூப்பிடக் கூடாது. நாங்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. நாங்களும் வெளியிலிருந்து தரிசனத்துக்கு வருகிறவர்களாக வர வேண்டும். எல்லாமே நியாயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைத் திறந்து போட்டுவிட்டு, பட்டுப்புடவையும் வேட்டியுமாகத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் போய் நின்றோம். பூங்கோதையின் கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. அவர்களுடைய கார் எங்களைக் கடந்து போனது. தையல்நாயகி அம்மாள் எங்களைப் பார்த்தார். ஆனால் இன்னும் சந்திக்காததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் மேலே போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து நாங்களும் போனோம்.

அவர்கள் சம்பூரணத்திடம் செருப்பை விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அது மலையைச் சேர்ந்த டீ என்பதால் குடிப்பதில் தடையில்லை. நாங்களும் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டோம். முதல் படியில் கால் வைக்கும்போது தையல்நாயகி அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"என்ன, நீங்களும் முருகனைப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாம்மா, ரொம்ப நாள் வேண்டுதல்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. சேந்தே ஏறலாம்."

ஏற ஆரம்பித்தோம். மேகலா முன்னால் போனாள். தையல்நாயகி அம்மாள் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் ஏறினார். ஒரு திருப்பத்தில் சமையலறைப் பரண் தெரிந்தது. அதன்மேல் கைப்பிடி உடைந்த குக்கர், மாவு சலிக்கும் சல்லடை, தீபாவளிக்கு வாங்கி வெடிக்காத பட்டாசு. அவர் சட்டென்று பார்வையை மரங்களின் பக்கம் திருப்பினார். வீட்டைப் பார்ப்பது பேச்சில் இல்லை. மேகலாவுக்கு மூச்சு வாங்கவில்லை. இரண்டு தடவை நின்றதுகூட மற்றவர்களுக்காகத்தான்.

சுனைக்குப் பக்கத்தில் வந்தபோது சிவகுருநாதன் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம் வந்தது. அவருடைய அம்மா கைப்பையைக் குடைந்து, மருந்து காரில் இருக்கிறது என்றார். மேகலா அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, மூச்சை இழுக்க வேண்டாம், மெதுவாக வெளியே விட்டால் போதும் என்றாள். விடும்போதெல்லாம் தானும் சேர்ந்து விட்டாள். பிறகு அவர் காதருகில் ஏதோ சொன்னாள். அந்தத் திணறலிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சுனை விளிம்பில் ஒரு பித்தளைக் கிண்ணம் கிடந்தது. அவள் அதில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்தார். விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

தையல்நாயகி அம்மாள் கைப்பையை மூடினார்.

"தம்பி, இது மலைத் தண்ணியா, உங்க வீட்டுத் தண்ணியா?"

மலைத் தண்ணீர் என்றால் எதுவும் நடக்கவில்லை. மேலே போய்க் கும்பிட்டுவிட்டு, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விடலாம். வீட்டுத் தண்ணீர் என்றால் அவர்கள் சொல்லாத சம்மதத்தை நாங்கள் வாங்கிக்கொண்டதாக ஆகும். கோபித்துக்கொண்டு உடனே இறங்கினாலும் கேட்க முடியாது. யாருக்கும் சங்கடம் இல்லாத பதில் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி" என்றாள் மேகலா. "தினமும் அண்ணி ஊத்துறாங்க."

அவள் தையல்நாயகி அம்மாளைப் பார்த்துச் சொல்லவில்லை. சிவகுருநாதன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் வேணும்" என்றார்.

மேகலா மறுபடி மொண்டு கொடுத்தாள். அவர் அவசரமில்லாமல் குடித்து முடிக்கும்வரை அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்தப் பக்கமெல்லாம் உப்புத் தண்ணீர் ஆயிற்றே என்றார். இல்லை அம்மா, மெட்ரோ தண்ணீர் வருகிறது என்றாள் பூங்கோதை. தையல்நாயகி அம்மாள் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினார்.

மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அடிவாரத்தை அடைந்ததும் பூங்கோதை வேகமாக எங்களுக்கு முன்னால் போய் வாசலில் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க" என்றாள். அவர்கள் வெளியே போய்ச் செருப்பைப் போட்டு, கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பால்கனி சோபாவில் உட்காரவைத்தோம். தையல்நாயகி அம்மாள் சர்க்கரை குறைவாக ஒரு காப்பி கேட்டார். இப்போது பரணைத் தாராளமாகப் பார்த்தார். அந்தக் குக்கரின் கைப்பிடியை மாற்றித் தருகிறவர் அவர்கள் தெருவில் இருக்கிறாராம். ஆவணியா ஐப்பசியா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது அவர் கீழே எட்டிப் பார்த்தார். காரின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"குரு, பின்சீட்டுல அது தனியா இருக்கேடா" என்றவர் பூங்கோதையிடம், "எங்க வீட்ல ஒரு கடற்கரை வந்து தங்கியிருக்கும்மா, அதுவும் வெள்ளிக்கிழமை போகல. விட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

மேலே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று பூங்கோதை வருத்தப்பட்டாள். அது தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்றார் அவர். சிவகுருநாதன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேகலா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

ஆவணியில் மண்டபம் கிடைப்பது கஷ்டம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே மேகலா காரின் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். ஒரு சின்ன அலை வெளியே வழிந்து அவள் கணுக்கால்வரை வந்து திரும்பிப்போனது. அவள் கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள். மேலே வந்து கால்மிதியில் பாதத்து மணலைத் தட்டிவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை எடுக்க உள்ளே போனாள்.