மாமியார் கேட்கும் கேள்வி

அந்த ஸ்கேன் சென்டரின் லினக்ஸ் சர்வருக்கு நாலு பேர் நாலு காலத்தில் எழுதிவைத்த நாலு மென்பொருள் கருவிகள் இருந்தன. ஒன்று அப்டேட் போடும், ஒன்று டிஸ்க்கைச் சோதிக்கும், ஒன்று படங்களை நகலெடுக்கும், ஒன்று பழைய படங்களை அழிக்கும். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள்போல ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. போன மாதம் நகல் எடுக்கப்படாமலே ஒரு குழந்தையின் பழைய ஸ்கேன் அழிந்துபோனது. ஒப்பிட்டுப் பார்க்கப் படம் இல்லை என்று டாக்டர் கைவிரிக்க, அந்தத் தாய் கவுண்டரில் நின்று அழுதாள். அவரவர் கருவி அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்ததாம்!

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது பொறுக்கவில்லை. மல்லுக்கட்டி நான்கையும் ஒரே கருவியாக்கினாள். நகல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் அது ஒரு படத்தையும் அழிக்காது. எடுத்ததற்கெல்லாம் கேள்வி கேட்பதால் ஆபீஸே அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அழிக்கும் கருவி அவர் இளவயதில் எழுதியது. அவர் அவளுடைய சித்தப்பாவும்கூட. இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரே அவர்தான்.

இன்று சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. வெளியே நோயாளிகள் வரிசை. மாமியாரோ, நகல் டிஸ்க் பழுது, அழிக்க முடியாது என்று அடம்பிடித்தது.

"கேள்வி கேக்காம அழிக்கறதுக்கு அதுல ஒரு வழி வை," என்றார் மேனேஜர்.

"வைக்க மாட்டேன் சார். புது டிஸ்க் மாட்டி நகல் எடுத்துட்டு அழிக்கலாம். அதுவரைக்கும் இன்னிக்கு எடுக்கற படமெல்லாம் ஸ்கேன் மெஷின்லயே இருக்கட்டும்."

"என்னோட பழைய கருவி எங்க?"

"தூக்கிட்டேன்."

"யாரைக் கேட்டுத் தூக்கின? உன்னைக் கொண்டுவந்து இங்க உட்கார வெச்சதே நான். எனக்கே தண்ணி காட்டறியா? நாளைக்கே உன்னை பில்லிங்குக்கு மாத்திடுவேன்!"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. சாயங்காலமே விஷயம் அப்பா காதுக்குப் போய்விடும், வீடு இரண்டுபடும். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"தாராளமா மாத்துங்க."

அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து கட்டளையைத் தட்டினார். நகல் இல்லை, அழிக்க முடியாது என்றது திரை. மறுபடியும் தட்டினார். மேனேஜர் என்று மாமியார் சலுகை காட்டவில்லை.

"ஒரே ஒரு தடவைக்கு அந்தக் கேள்விய எடுத்துடும்மா," என்றார், குரல் இறங்கி.

"அன்னிக்குக் கவுண்டர்ல அழுதாங்களே, அந்தம்மா வந்து எடுன்னு சொல்லட்டும். எடுத்துடறேன் சித்தப்பா."

ஆபீஸில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"எவ்வளவு பெரிய டிஸ்க் வேணும்?"