வேணி போட்ட கூரை

வைஷ்ணவிக்கு வயிறு எரிந்தது. கட்டடக்கலை நான்காம் ஆண்டில் முதல் மாணவி அவள்தான். ஸ்ரீரங்கத்து வீட்டு அலமாரியில் பரிசுக் கோப்பைகளுக்கு இடம் போதவில்லை. ஆனால் தொட்டியத்தில் வாழைத்தார் சுமக்கும் பெண்கள், தங்கள் பிள்ளைகளுக்காக அவள் வகுப்பு கட்டித்தரும் கொட்டகைக்குத் தேர்ந்தெடுத்தது, கூடப் படிக்கும் பாலக்கரை வேணி வரைந்த படத்தை. அதற்கு வைஷ்ணவி செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, "வேணி, சாப்பிட்டியாம்மா?" என்று ஆளாளுக்கு விசாரிப்பு வேறு. இவளை ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் இவள் சாப்பிட்டுவிடப் போகிறாளாக்கும்!

கூரைக்குச் சட்டம் ஏற்றிய அன்று அது அவள் கண்ணில் பட்டது. சரிவு வாசல் பக்கமாக இருந்தது. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் மொத்தமும் வாசற்படியில்தான் கொட்டும்.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார் பேராசிரியர் ஜெயக்குமார்.

வைஷ்ணவி குனிந்து சிமெண்ட் பூசும் கரணையைக் கழுவத் தொடங்கினாள். கொட்டட்டும். ஊரே பார்க்கட்டும். நினைக்கவே அவளுக்கு இனித்தது.

திறப்பு விழாவன்றே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வைஷ்ணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். தார் சுமக்கும் பாப்பாயி ஓடிப்போய்க் குடத்தைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள்.

"அட, இனிமே குழாயடியில கால்கடுக்க நிக்க வேணாம்! எவ்வளவு யோசிச்சுக் கட்டியிருக்கு இந்தப் பொண்ணு!"

பெண்கள் கைதட்டினார்கள். வைஷ்ணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேணி தப்பு செய்தால்கூட மாலை போடுவார்களா?

"இல்லக்கா, இது என் தப்பு," என்றாள் வேணி. "பிள்ளைங்க வழுக்கி விழுந்துடும். நாளைக்கே தகரம் அடிச்சுத் தண்ணிய ஓரமாத் திருப்பிடுறேன்." பிறகு வைஷ்ணவி பக்கம் திரும்பினாள். "எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான் வைஷு. சார் கேட்டப்ப உன் மூஞ்சியத்தான் பாத்தேன். யார் படத்துல குறை இருந்தாலும் முதல்ல கண்டுபிடிக்கிறது நீதானே? நீயே ஒண்ணும் சொல்லல, அப்ப சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."



"நான் கவனிக்கலடி," என்றாள் வைஷ்ணவி.

முதல் மாணவி கவனிக்கவில்லையாம்! வேணி அதையும் நம்பினாள்.

"அப்பாடா, நீயும் எங்கள மாதிரிதானா!" என்று வாய்விட்டுச் சிரித்து, அவள் தோளில் கைபோட்டாள்.

இத்தனை பேர் நடுவில் தப்பை ஒத்துக்கொண்ட பிறகும் இவளால் இப்படிச் சிரிக்க முடிகிறதே! படத்துக்காகப் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்று வைஷ்ணவிக்குத் தோன்றியது.