லிஃப்டுக்காரரின் கடைசிப் பந்தயம்

மருமகன் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கி ஜன்னலோரமாக நகர்த்தும்போது மறுபக்கத்துக் கால் திரையில் மாட்டிக்கொண்டு சர்ரென்று கிழித்தது. அது தையலம்மா தன் கையால் தைத்த திரை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிழித்தது மருமகன்தான். ஆனால் திட்டு வழக்கம்போல் கட்டிலில் படுத்திருந்த கணவருக்கே போய்ச் சேர்ந்தது.

“திரையைக் கிழிச்சுட்டுத்தான் தோட்டத்தைப் பார்க்கணுமா? அப்படி என்ன இருக்கு அங்க? நேத்து இருந்த கீரைதான் இன்னைக்கும் இருக்கு.”

“அதான் விசேஷமே,” என்றார் அவர். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரிப்பை விடவில்லை. “நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்கு பாரு.”

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டுகளை எல்லாம் ஓடவைத்தவர். வேலையில் சூரப்புலி, வீட்டுக்கு வந்துவிட்டாலோ, கீழே விழுந்த கைக்குட்டையைக்கூடக் குனிந்து எடுக்கமாட்டார். இப்பேர்ப்பட்டவருக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தது. வருஷா வருஷம் கொத்துவது, விதைப்பது, பிடுங்கிவிட்டு மறுபடி விதைப்பது எல்லாம் அவருக்கு ஒத்துவராது. அதனால், ஒரு தடவை வைத்தால் ஆயுசுக்கும் பலன் கொடுப்பவையாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார். வேலியில் கோவைக்கொடி, சுவரோரம் தவசிக்கீரை, குழாயடியில் பசலை, மூலையில் சுண்டை, நட்டநடுவில் முருங்கை. எல்லாவற்றையும் நட்டு முடித்து, பக்கத்திலேயே ஒரு நாற்காலியையும் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவருடைய விவசாயம்.

தையலம்மா கேட்டது ஒரே ஒரு ரோஜாச்செடி. அதற்கு வெயில் வேண்டும். வெயிலையெல்லாம் முருங்கை வாங்கிக்கொண்டது. “நீங்க கண்ணை மூடின மறுநாளே இதையெல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு ரோஜா வைக்கிறேனா இல்லையா பாருங்க,” என்பாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தது. பிறகு சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதுபோல அதையும் தினம் சொல்லிவந்தாள். டாக்டர் கையை விரித்த நாளிலிருந்துதான் அந்தப் பேச்சு நின்றது.

அவர் அதைக் கவனித்திருந்தார்.

“என்ன, இப்பல்லாம் ரோஜாப் பேச்சையே காணோம்?”

“பேசாம படுங்க.”

“நானே சொல்றேன், பிடுங்கிடு. ஆனா உன்னால முடியாது. என்ன பந்தயம்?”

பந்தயம் கட்டுவது அந்த வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. மழை வருமா, பால் பொங்கி வழியுமா, மகள் இன்றைக்காவது போன் செய்வாளா என்று எதற்கெடுத்தாலும் பந்தயம்தான்.

“ஒரு வேர்கூட மிச்சமில்லாம எடுத்துட்டா நீ ஜெயிச்சே,” என்றார். “ஏதாவது ஒண்ணு திரும்பத் துளிர்த்தாலும் நான் ஜெயிச்சேன்.”

“நான் ஜெயிச்சா எனக்கு ரோஜாத் தோட்டம். நீங்க ஜெயிச்சா?”

அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். “ஒரு நாள். ஒரே ஒரு நாள் முழுசா என்னைத் திட்டாம இருக்கணும்.”

அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் புருஷனோடு வந்து தங்கியிருந்த மகள், கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்று சிரித்துவிட்டாள். “அம்மாவால ஆகிற காரியமாக் கேளுங்கப்பா!”

“நான் எப்பவாவது இவரைத் திட்டியிருக்கேனா? மாவு டப்பாவுக்குள்ள ஸ்பேனரைப் போட்டு வெச்ச மனுஷன்! ஈரத் துண்டை என் தையல் மெஷின் மேல போடற மனுஷன்! நான் இருக்கவே...”

“சரிம்மா, சரிம்மா,” என்றார் அவர், மகளைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

மத்தியானம் வெயில் இறங்கியபின் தையலம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கிழிந்த திரையைத் தைத்தாள். கை தைக்க, வாய் அதன் வேலையைப் பார்த்தது. “நல்ல துணி. இதே நிறத்துல இனிமே எங்க கிடைக்கும்? உங்களுக்கென்ன, படுத்துக்கிட்டு நகர்த்துன்னு சொன்னாப் போதும்...” நிறுத்தினாள். அந்த இடத்தில் அவருடைய “சரிம்மா” வரவேண்டும். வரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கிழிசலைக் கடைசி வரை தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். அதன்பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஜனம். வாசலில் போட்ட நாற்காலிகள் போதவில்லை. தையலம்மா அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, “இத்தனை பேர் வந்திருக்காங்க, எழுந்து ரெண்டு நாற்காலி எடுத்துப் போடுவோம்னு இல்லை. கடைசி வரைக்கும் சோம்பேறித்தனம்,” என்றாள். வந்தவர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. அவரைத் தூக்க வந்த லிஃப்ட் கம்பெனி ஆட்களில் ஒருவர், “அண்ணனை மேல ஏத்திவிடறது கடைசியில நம்ம டியூட்டியாப் போச்சே,” என்று சொல்லிச் சிரிக்கப் போய், தேம்பித் தேம்பி அழுதார்.

அதற்கு அடுத்த நாள் தையலம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். பக்கத்து வீட்டு நர்ஸ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, ஆற அமர யோசிச்சுச் செய்யலாமே?”

“பந்தயம் கட்டியாச்சு. நீ பையை எடுத்துக்கிட்டு வா, கீரை கொண்டு போ.”

தெருவே பையோடு வந்துவிட்டது. மகள் பசலையை இழுக்க, அது பாதியில் அறுந்து அவள் மல்லாக்க விழுந்தாள். மருமகன் கோவைக்கொடியின் அடியைத் தோண்டிக்கொண்டே போனான். கிழங்கு மாதிரி தடித்த வேர் ஒரு வழியாக வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். மரம் வெட்டுகிறவர் முருங்கையைச் சாய்த்து, அடிக்கட்டையையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கிளைகளில் நேரானவற்றை மட்டும், எதற்காவது ஆகட்டும் என்று, தையலம்மா மூலையில் சாய்த்து வைத்தாள். பிறகு மண்ணைச் சலித்தாள். உண்மையாகவே, மாவு சலிக்கிற சல்லடையால்.

ரோஜாக் கன்று வந்தது. அது காற்றுக்கு ஆடியது. மூலையிலிருந்து ஒரு குச்சியைப் பொறுக்கி, முனையைச் சீவி, கன்றுக்குப் பக்கத்தில் அடித்து இறக்கி, தையல் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டினாள். “பார்த்தீங்களா?” என்றாள் அவருடைய நாற்காலியைப் பார்த்து. “யார் ஜெயிச்சாங்க?”

அதன்பின் தினமும் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனாள். ஏதாவது முளைத்திருந்தால் பிடுங்கத்தான் போவதாக மகளிடம் சொன்னாள். குழாயடியில் பார்த்தாள், வேலியோரம் குனிந்து பார்த்தாள், மண்ணை விரலால் கிளறிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நன்றாக ஒரு மழை பெய்தது. அப்போதும் ஒன்றும் இல்லை. ஜெயித்தாயிற்று. அவள் எதிர்பார்த்தபடி அது ஒன்றும் சந்தோஷமாக இல்லை. திட்டுவதற்கும் வாய் வரவில்லை. பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் எதைத் திட்டுவது?

பிறகு ஒரு காலையில், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது குச்சியில் பச்சையாக என்னவோ தெரிந்தது. பூச்சி என்று தட்டிவிடப் போனாள். பூச்சி இல்லை. பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு தளிர், அதற்கு மேலே இன்னொன்று. சின்னச் சின்ன வட்ட இலைகள். முருங்கை.

வேர் ஒன்று விடாமல் எடுத்தவள் அவள். அந்தக் குச்சியைப் பொறுக்கியதும், சீவியதும், நட்டநடுத் தோட்டத்தில் அடித்து இறக்கியதும் அவளேதான்.

“ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது...” என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கையில் இருந்த குவளைத் தண்ணீர் பாதி அவள் புடவையிலேயே கொட்டியது. மகள் பதறி ஓடிவந்து பார்த்தால், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

தையலம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திட்டுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் உதட்டை இறுக்கிக்கொண்டு கையைத்தான் ஆட்டினாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மருமகன் தோட்டத்துக்கு வந்து பார்த்தான்.

“அத்தை, குச்சி துளிர்த்துடுச்சே. பிடுங்கிட்டு வேற குச்சி வைக்கட்டுமா?”

தையலம்மா வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். விரலால் ரோஜாவைக் காட்டினாள். பிறகு சுவரோரம், கொஞ்சம் தள்ளி, வெயில் விழுந்துகொண்டிருந்த இடத்தைக் காட்டினாள்.