தமையனின் இரண்டு இறப்புகள்

முன்பனிப் பருவத்து மாலைக் கதிர் அல்சூர் ஏரியின் நீர்ப்பரப்பில் உருக்கிய செம்பென ஒழுகிக் கிடக்க, கரைமரங்களில் அடையும் கொக்குகளின் ஆரவாரம் ஓங்க, சிவன்கோயில் மணியும் மாதாகோயில் மணியும் அச்சத்தால் வாய்மூடி நின்ற அவ்வேளையில், தென்திசை வானில் கரும்புகை எழக் கண்டு ஏரியை ஒட்டி வாழ்ந்த ஜோகுபாளையத்தார் கதவடைத்தனர். காவிரி நீரைப் பற்றி மூண்ட பகை பெங்களூர்த் தெருக்களில் தீயாய்த் திரிந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் இறுதி அது.

நகரின் தென்பகுதியான அடுகோடியில், ஜோகுபாளையத்துத் தமிழனாகிய ஓஸ்வால்ட் நடத்திய தச்சுப்பட்டறை அன்று எரிந்தது. தம்பி தியோடரின் ஓவியங்கள் உள்ளே இருந்தமையால், தடுத்தார் கைகளை உதறிப் புகுந்து, ஏழு துணிச்சுருள்களை வெளியே எறிந்தபின், வலக்கையும் கன்னமும் வெந்து அவன் மீண்டான். உளிபிடிக்க அக்கை பின்னர் உதவவில்லை. பள்ளியாசிரியையாகிய மனைவி கேத்தரினே குடும்பத்தைத் தாங்கினாள்.

உருவம் எதையும் வரையாது நிறங்களின் மோதலை மட்டுமே தீட்டும் தியோடரோ, அச்சுருள்களைச் சுமந்து மறு ஆண்டே பெர்லின் நகர் புகுந்தான். ஐந்தாண்டு உணவகத்தில் தட்டுக் கழுவினான். ஒருநாள் ஓவியக்கூடத் தலைவி ஒருத்தி அவனுடைய செந்நிறப் பரப்புகளை நெடிது நோக்கி, "இவை எதைச் சொல்கின்றன?" என்றாள். நிறமே பொருள் என்று அதுகாறும் வாதிட்டு வந்தவன், பசியும் சலிப்பும் உந்த, "என் தமையன் தீயில் இறந்தான்" என்றான். அவள் கண்கள் நிறைந்தன. அச்சொல்லே அவனுக்குப் புகழின் வாயிலாயிற்று. நேர்காணல்தோறும் அப்பொய் வளர்ந்து, தமையனின் கடைசி அலறலைத் தான் கேட்டதாகவும் கூறத் துணிந்தான்.

ஈராயிரத்து மூன்றில் அவனது கண்காட்சி பெங்களூருக்கு வந்தது. வீட்டாருக்கு அவன் சொல்லவில்லை. நாளிதழில் கண்டு, வெளுத்த சட்டை அணிந்து, மனைவியுடன் ஓஸ்வால்ட் வந்தான். சுவரில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கேத்தரின் படித்தாள்.

"என்ன எழுதியிருக்கிறான்?"

"உங்கள் பெயரைத்தான்."

"என் பெயரையா!" என்று அவன் முகம் மலர்ந்தான். "மேலே படி."

"தீயில் மாண்ட அண்ணனின் நினைவாக என்று இருக்கிறது. வாருங்கள், போவோம்."

அதற்குள் விருந்தினர் சூழத் தியோடர் அங்கே வந்துவிட்டான். தழும்பேறிய கன்னத்தைக் கண்ட செய்தியாளர் ஒருவர், "இவர் யார்?" என்றார்.

தியோடர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பழைய அண்டை வீட்டார்."

ஓஸ்வால்ட் அவனைச் சற்றே நோக்கினான். பின்னர் செய்தியாளரிடம், "ஆமாம் ஐயா, பக்கத்து வீடுதான். சின்ன வயதிலேயே நன்றாக வரைவான்" என்று கூறி, மனைவியின் தோளைப் பற்றிப் படியிறங்கினான்.

மூன்றாண்டு கழித்து ஓஸ்வால்ட் மெய்யாகவே மறைந்தான். கேத்தரின் தொலைபேசியில் செய்தியை மட்டும் சொன்னாள், வருமாறு அழைக்கவில்லை. அன்று பெர்லினில் தியோடருக்குப் பாராட்டு விருந்து. அவன் முகம் கறுத்திருக்கக் கண்டு கூடத்தலைவி பரிவோடு காரணம் வினவினாள். பதினைந்தாண்டுக்கு முன்பே தீயில் இறந்தானென்று தானே உரைத்த ஒருவன் இன்று காலை இறந்தான் என்று அவளிடம் எவ்வாறு உரைப்பான்? "ஒன்றுமில்லை" என்றான். பொய்யாய் அழுத நாளில் உலகமே உடன் அழுதது. மெய்யாய் அழவேண்டிய நாளில், கைதட்டுவோர் நடுவே, அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.