கொளவாய் ஏரிக்கு மேலே மாப்பிள்ளை

என் மகள் ஜன்னாவின் நிக்காஹ்வுக்கு முதல் நாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, டிவியில் ஒரு விமானத்தைக் காட்டினார்கள். மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய மதுரை விமானம், தாம்பரம் விமானப்படைத் தளத்து ஓடுபாதையை நோக்கி இறங்கிவிட்டதாம். கண்ட்ரோல் டவரிலிருந்து கத்தியதும் மேலே தூக்கி, ஒரு சுற்று சுற்றி, சரியான இடத்தில் இறக்கினார்களாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அம்புக்குறி எல்லாம் வரைந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள், பாவிகள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஜன்னாவைக் கட்டிக்கொள்ளப் போகிற கோவளத்து சைஃபுல்லா அன்றைக்கு அந்த விமானத்தில்தான் துணை விமானி. லீவு கிடைக்கவில்லை, மத்தியானத்தோடு டியூட்டி முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

"இன்னா அண்ணி, மாப்ளைக்கு மீனம்பாக்கத்துக்கே வழி தெரியல. நம்ம பொண்ண எங்க இட்டுகினு போயி வுடுவாரு?" என்றாள் என் நாத்தனார் ஹபீபா. அவள் கொண்டுவந்த செருப்புக்கடை மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றதிலிருந்து இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தாள்.

"வாய மூடிகினு வெங்காயத்த உரிடி," என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொதித்தது. செங்கல்பட்டு பஜார் முழுக்க 'பைலட் மாப்பிள்ளை' என்று பீற்றிக்கொண்டவள் நான்தானே! அந்த வெட்கம்கூடப் போகட்டும். அத்தனை உயிரைக் கையில் வைத்துக்கொண்டு பராக்குப் பார்க்கிறவர் என் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவார்? அந்தப் பயம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது.

"யாரு ஓட்னாங்க இன்னான்னு தெரியாம பேஜாரு பண்ணாத," என்றார் என் வீட்டுக்காரர் அப்துல் சுபஹான்.

"தெரிஞ்சாதான் நாளைக்கு நிக்காஹ். இல்லாங்காட்டி மாடில கட்டின சாமியானாவ பிரிக்கச் சொல்லுங்க."

அடுத்த அறையில் ஜன்னா இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, மாப்பிள்ளைதான். எடுத்துக் காதில் வையுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான், அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நிக்காஹ்வுக்கு முதல் நாள் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார். இவரோ தன்னந்தனியாக வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அட, வூட்ட கரெக்டா கண்டுபுடிச்சிட்டாரே!" என்றாள் ஹபீபா. வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"மாமி, நான்தான் ஓட்டினேன்," என்றார் அவர், நேராக என்னைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், தப்பிக்க வழி செய்து கொடுத்தார். "கேப்டன் ஒருத்தரு இருந்தாருல்ல தம்பி? பொறுப்பு அவர்துதான?"

"அவரு ரேடியோல பேசிகினு இருந்தாரு மாமா. கைல புடிச்சிருந்தது நானு. ஆபீஸ்லயும் அதான் சொன்னேன். விசாரண முடியற வரிக்கும் பறக்கக் கூடாதுன்ட்டாங்க. மறுபடியும் டிரெயினிங் போவணும். இத மறச்சி நிக்காஹ் பண்ணிக்கறது நல்லா இல்ல. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"மழயில்ல, மேகமில்ல. பட்டப்பகல்ல கண்ணு எப்டி தம்பி தப்பும்?" என்றேன். விடுகிற ஆளா நான்?

அவர் ஹெல்மெட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். காது சிவந்துகொண்டே போனது.

"உங்க வூட்டாண்ட கொளவாய் ஏரி தாண்டி வந்துகினு இருந்தோம் மாமி. மொட்டமாடில செவப்பு சாமியானா கட்டிகீதுன்னு ஜன்னா சொல்லிச்சி. கொஞ்சம் எட்டிப் பாத்தேன். நிமிந்தா எதிர்ல ஒரு ரன்வே. அதான்னு நம்பிட்டேன். கம்ப்யூட்டர்ல சரிபாத்திருக்கணும். பாக்கல."

முதலில் சிரித்தது ஹபீபாதான். அப்புறம் பிரியாணி மாஸ்டர், பாத்திரம் கழுவுகிறவர்கள், தெருவில் நின்றவர்கள் எல்லாரும். நான் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தேன். பாழும் வாய் கேட்டுவிட்டது.

"சாமியானா தெரிஞ்சிதா?"

"சூப்பரா தெரிஞ்சிது மாமி."

சிரித்து முடித்தபின் சொன்னேன். "சிரிக்கிறேன்னு வுட்டுட்டதா நெனச்சிக்காதீங்க தம்பி. எத்தினி தாய் பெத்த புள்ளைங்க அதுல உக்காந்து இருந்துச்சி!"

"தெரியும் மாமி. எல்லாரும் எறங்கிப் போற வரிக்கும் கதவாண்ட நின்னு ஒவ்வொருத்தர் மொகத்தயும் பாத்தேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அப்போதே என் மனசு இறங்கிவிட்டது. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவள் நானில்லையே. ஜன்னாவின் அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.

மறுநாள் மாடிச் சாமியானாவில் ஆண்கள் பக்கம் மாப்பிள்ளையும் நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜ்ரத்தும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் வாயால் சம்மதம் வாங்க என் அண்ணனும் இரண்டு சாட்சிகளும் கீழே எங்கள் அறைக்கு வந்தார்கள். அவள் சரி என்றால்தான் அங்கே நிக்காஹ். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வார்கள், அழுவார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் தோளைத் தட்டித் தட்டித்தான் பேச வைக்க வேண்டும். நேற்றிலிருந்து வாயே திறக்காத இவள் என்ன சொல்லப் போகிறாளோ? அல்லாஹ்வே என்று அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அண்ணன் மாப்பிள்ளையின் பேரையும் அவர் பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் பணத்தையும் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

ஜன்னா தலையை நிமிர்த்தினாள்.

"சம்மதம் மாமா. அவருகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. இனிமே நான் அவரு வூட்லயேதான் இருப்பேன், எட்டிப் பாக்க வாணாம். நேரா பாத்து ஓட்டச் சொல்லுங்க."

அண்ணன் அதை அப்படியே போய்ச் சபையில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்குகிற வரைக்கும் ஹஜ்ரத் ஓதாமல் காத்திருந்தார். நான் என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.