பன்னிரண்டு கோலி இருபது கோலியைத் தூக்கிய கதை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குவதே தன் கைதான் என்று அவருக்கு நினைப்பு. எதையாவது கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மின்விசிறி ஒழுங்காகச் சுற்றினால்கூட, "சத்தம் சரியில்லையே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடுவார்.

எங்களுக்கு ஒரே மகள், வயது பதினொன்று. அவள் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் தோரணையைப் பார்த்து 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டம் கொடுத்தவர் இவர்தான். அது தன் தலையிலேயே விடியும் என்று பாவம், அவருக்குத் தெரியவில்லை.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் நீர்ச்சக்கரம் செய்து வரச் சொன்னார்கள். அவள் ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். "இப்படிக் குடு" என்று இவர் வாங்கினார், அவ்வளவுதான். பித்தளை அச்சு, பேரிங் எல்லாம் வைத்த சக்கரம் ஒன்று மறுநாள் பள்ளிக்குப் போனது. அறிவியல் மிஸ் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "உங்கப்பா நல்லா பண்ணியிருக்கார்" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்த வருஷம் எளிய இயந்திரங்கள். நெம்புகோல், சாய்தளம், கப்பி என்று எதை வேண்டுமானாலும் செய்யலாம். பெற்றோர் முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டும். மகள் கப்பியை எடுத்துக்கொண்டாள்.

"மார்க் வராட்டிப் பரவாயில்லம்மா. நானே செஞ்சேன்னு மிஸ் நம்பணும்," என்றாள். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். காலி நூல்கண்டுகளுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. செருப்புப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து, குறுக்கே பென்சிலைச் செருகி, அதில் ஒரு கண்டை மாட்டினாள். நூலின் ஒரு முனையைப் பெட்டியின் மேலே கட்டினாள்; சுமையில் பாதியை அது தாங்கிக்கொள்ளுமாம். இன்னொரு கண்டு அந்த நூலிலேயே தொங்கியது. அதன் அடியில் அவளே கையால் தைத்த ஒரு துணிப் பை, பைக்குள் இருபது கோலிக்குண்டு. நூலின் மறுமுனையில் காகிதக் கிண்ணம். கிண்ணத்தில் பன்னிரண்டு கோலி போட்டால் போதும், அந்த இருபதும் எழுந்து மேலே போகும். இதற்கு அவளுக்கு ஐந்து நாள் ஆனது.

அந்த ஐந்து நாளும் இவர் பட்ட பாடு இருக்கிறதே! சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு.

"நூல் உரசுற சத்தம் கேக்குது," என்பார் சுவரிடம்.

"தெரியும்."

"பெட்டி ஆடுது போல."

"அம்மா, அப்பாவ அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வந்து எனக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டும் அளவெடுத்தாற்போல் இருந்தது. அவருடைய தவிப்பைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை.

காட்டும் நாள் வந்தது. வகுப்பறையில் மேசைகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். பக்கத்து மேசைச் சாய்தளத்தை ஒரு தாய் மூச்சுவிடாமல் விளக்க, அவர் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

மகள் கோலிகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டாள். பன்னிரண்டாவது விழுந்ததும் பை ஆடி அசைந்து மேலே போனது.

"இருபதுக்குப் பாதி பத்துதானே? ரெண்டு எதுக்குக் கூட?" என்று கேட்டார் மிஸ்.

"நூல் உரசுது மிஸ். கீழ இருக்கிற கண்டோட எடை வேற இருக்கு."

மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. "சரி, இறக்கு."

மகள் கோலிகளை எடுத்தாள். கிண்ணம் காலியானது. பை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"காலையிலகூட இறங்குச்சே..." அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

மகள் குனிந்து பென்சிலுக்குப் பின்னால் பார்த்தாள். நகத்தளவில் ஒரு தகடு, அதற்கு ஒரு பேனா ஸ்பிரிங். நூல் ஒரு பக்கம் ஓடினால் விட்டுவிடும், திரும்பி ஓடினால் கவ்விக்கொள்ளும்.

"மிஸ், இது நான் வச்சது இல்ல. அப்பா வச்சது."

"நீ குளிக்கப் போனப்ப... அஞ்சே நிமிஷம்," என்று இவர் மென்று விழுங்கினார். "கை நழுவினா சுமை விழுந்துடக் கூடாதில்ல? லிஃப்ட்டுல நாங்க முதல்ல அதத்தான் பாப்போம்."

"ஏறினது இறங்க வேணாமாப்பா?"

முப்பது மாடிக் கட்டடத்துக்கெல்லாம் பதில் சொல்கிறவர் மறுபடியும் கூரையை ஆராயப் போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் சத்தம்தான் அதிகம்.

"அம்மாவும்தான் மிஸ்."

என் சிரிப்பு பாதியில் நின்றது. மகள் பையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். "அடித்தையல் நான் போட்டப்ப கோணலா இருந்துச்சு. இப்ப நேரா இருக்கு."

உங்களிடமும் நான் இதைச் சொல்லவில்லைதான். முந்தின நாள் அவள் விளையாடப் போயிருந்தபோது மெஷினில் வைத்து ஒரு ஓட்டு ஓட்டிவிட்டேன். ஒரு தையல் கண்ணெதிரே பல்லிளித்தால் தையல்காரியின் கை சும்மா இருக்குமா? மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம்போல வெட்கமாக இருந்தது.

"மத்ததெல்லாம்?" என்றார் மிஸ்.

"நான்."

"அப்ப இது ரெண்டும் இல்லாம ஓட்டிக் காட்டு."

மகள் ஹேர்பின்னால் தகட்டை நெம்பி எடுத்தாள். மிஸ்ஸிடம் கத்தரிக்கோல் வாங்கி என் தையலைப் பிரித்தாள். என் பக்கம் பார்க்காமலே, "ஊசி மட்டும் குடுங்கம்மா," என்று கை நீட்டினாள். நெற்றி வியர்க்க, அத்தனை பேர் முன்னால் தைத்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டு தையலுக்கு நடுவே ஒரு விரல் போகும்.

என் விரல்கள் பரபரத்தன. பக்கத்தில் இவர் கை மெல்ல மேசைப் பக்கம் போனது. எட்டிப் பிடித்துக்கொண்டேன். அவரும் என் கையை இறுக்கிக்கொண்டார். பார்த்தவர்கள் எங்களை அன்யோன்யமான ஜோடி என்றே நினைத்திருப்பார்கள்.

பன்னிரண்டாவது கோலி விழுந்தது. பை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஏறியது. கோலிகளை எடுக்க எடுக்க இறங்கி, டொக்கென்று உட்கார்ந்தது. தையல் இடுக்கிலிருந்து ஒரு கோலி நழுவி மிஸ்ஸின் காலடிக்கு உருண்டது. நாங்கள் இருவரும் அசையவில்லை. மகளே போய் எடுத்து வந்தாள்.

மிஸ் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். "இது நீ செஞ்சது," என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

மகளின் முகம் மலர்ந்தது. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "போதும், ரெண்டு பேரும் கைய விடலாம்," என்றாள்.

நாங்கள் விடவில்லை. பென்சில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.