இன்பமணிக்கு வந்த இருமல்

சாரம்மாள் எதிரே வருகிறாள் என்றால் பாளையங்கோட்டை வேதக்கோயில் தெருவில் வெற்றிலைச் செல்லங்களெல்லாம் ஒளிந்துகொள்ளும். பெண்கள் சங்கத்தில் அவள் வெற்றிலையைக் கண்டித்துப் பேசும்போது முன்வரிசைக்காரிகள் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடுமே. ஐந்தாம் ஜார்ஜுக்குப் பட்டம் கட்டின அடுத்த வருஷம் மார்கழியில், அவள் மருமகள் இன்பமணிக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிட்டது. நெல் குத்த வந்த உலகம்மாள் பாவப்பட்டு ஒரு வழி சொன்னாள்.

"வெத்தலைக்குள்ள நல்லமொளகு வச்சுப் பைய மென்னு சாறை முழுங்கும்மா. சளி அத்துட்டுப் போவும்."

வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் காரம் தாங்காமல் இன்பமணி கொஞ்சம் பாக்கு சேர்த்தாள், பிறகு சுண்ணாம்பும் சேர்த்தாள். இரண்டொரு வாரத்தில் மிளகு மறந்துபோயிற்று, மற்றவை நிலைத்துவிட்டன.

ஒரு காலையில் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று மென்றுகொண்டிருந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த மாமியார் கண்டது, குனிந்து நிற்கும் மருமகளையும் சிவந்துபோன முந்தானையையும்தான். சாரம்மாள் நேரே உள்ளே போய்த் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இது சயரோகம்லே. ரத்தத்தை என் கண்ணால பாத்தேன். அவ அம்பாசமுத்திரத்துக்கு, அப்பன் வீட்டுக்கே போவட்டும், பிள்ளை இங்கன இருக்கட்டும்" என்று மகன் எலியேசரிடம் கதவுக்கு உள்ளிருந்தே சொன்னாள். வாத்தியார் எலியேசர் பள்ளிக்கூடத்தில் புலி, வீட்டில் பூனை. வண்டி பூட்டுமுன் டாக்டரம்மாவிடம் ஒருதரம் காட்டிவிடுவோம் என்று மட்டும் கெஞ்சிச் சம்மதம் வாங்கினான்.

அன்று பகல் முழுக்கப் பிள்ளைக்குச் சங்கில் பசும்பால். இன்பமணிக்கு மார் கனத்து வலித்தது. சொல்லிவிடலாம் என்று பலதரம் வாயெடுத்தாள். வெற்றிலை என்று சொன்னால் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடமாட முடியாதே என்ற வெட்கம் வாயை அடைத்தது.

மாலையில் மிஷன் மருந்தகத்தில் டாக்டர் எலிசபெத் அவள் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சாரம்மாள் பிள்ளையோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"மேல் நெஞ்சு சுத்தமா இருக்கு. கீழ ரெண்டு பக்கமும் சளி கரகரங்குது. உடம்பும் மெலியல. எனக்கு இது மூச்சுக்குழாய்ச் சளியாத்தான் தெரியுது, ஆறிரும்" என்றார் டாக்டர். "ஆனா ரத்தம் வந்ததுன்னு சொல்லுதிய. அது நெசம்னா நான் துணிஞ்சு சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பிரிச்சுத்தான் வைக்கணும், மாசக்கணக்கா."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பசியில் வீரிட்டது. இன்பமணியின் ரவிக்கை பாலில் நனைந்தது. அதற்குமேல் வெட்கமாவது ஒன்றாவது.

"அது ரத்தம் இல்ல டாக்டரம்மா. வெத்தல. சளிக்கு மொளகு வச்சு மென்னேன்."

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். கன்னத்தில் சுண்ணாம்பு சுட்ட புண் இருந்தது.

"மிளகு சரி. பாக்கும் சுண்ணாம்பும் எந்த வைத்தியர் சொன்னாரு?"

"நானேதான்."

இடி விழப்போகிறது என்று இன்பமணி தலையைக் குனிந்துகொண்டாள். சாரம்மாளோ பிள்ளையோடு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவர் அறியச் சொல்லு, ஏளா. வெத்தலதானா?"

"ஆண்டவர் அறிய, அத்த."

ஊரையே அடக்கி வைத்திருந்த சாரம்மாள் குரல்விட்டு அழுதாள். "எலியேசருக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா எனக்கு. அவளும் இப்படித்தான் முந்தானையை மறைச்சுக்கிட்டு நின்னா. காய்ச்சல்ல போயிட்டான்னு ஊருக்குச் சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு அது ரத்தந்தான்."

இன்பமணிக்கு இதெல்லாம் தெரியாது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கோபம் அப்படியே கரைந்துபோயிற்று. டாக்டர் ஒரு புட்டி மருந்து கொடுத்தார். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கவும், சன்னல்களைத் திறந்து வைக்கவும், வாயில் துணி கட்டிக்கொண்டு பால் கொடுக்கவும் சொன்னார்.

சாரம்மாள் எழுந்து வந்து பிள்ளையை மருமகள் மடியில் வைத்தாள். தன் முந்தானையாலேயே அவள் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பிள்ளை முட்டி மோதி மாரைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் இன்பமணிக்கு மறுபடி இருமல் வந்தது. அவள் பதறி மாமியாரைப் பார்த்தாள்.

சாரம்மாள் விலகவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அடக்காத தாயி, நல்லா இருமு. நான் இங்கனதான் இருக்கேன்."